கருந்துளையின் அக்கம்பக்கம்

ஒரு கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமாவது போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் கேட்டு வாங்குங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி போதாது, போலராய்டுதான் வேண்டும். அதன் ஒரு பக்கக் கண்ணாடி வழியாகக் கால்குலேட்டர் திரையைப் பார்த்தபடியே மெல்லச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை முழுக்க இருண்டுவிடும், எண்கள் காணாமல் போகும். இன்னும் கால் சுற்று சுற்றினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். (அதை மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். கண் போய்விடும்.)

திரை ஏன் இருண்டது? ஒளி ஓர் அலை. முன்னே ஓடும்போதே அது பக்கவாட்டில் ஆடவும் செய்கிறது. கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து உதறிப் பாருங்கள். மேலும் கீழுமாக உதறலாம், இடமும் வலமுமாக உதறலாம், சாய்வாகவும் உதறலாம். எப்படி உதறினாலும் அலை ஜன்னலை நோக்கித்தான் போகும். ஆடும் திசைதான் வேறு வேறு. குண்டு பல்பின் ஒளியில் எல்லாத் திசை ஆட்டமும் கலந்து கிடக்கும். கால்குலேட்டர் திரையிலிருந்து வரும் ஒளியோ ஒரே திசையில் ஆடுவது. போலராய்டு கண்ணாடி ஒரு திசை ஆட்டத்தை மட்டும் உள்ளே விடும், அதற்குக் குறுக்கே ஆடுவதைத் தடுத்துவிடும். இரண்டும் குறுக்கே அமைந்தால் இருட்டுத்தான்.

ஒளி இப்படி ஒரே திசையில் ஆடுவதை மேல்வகுப்பில் ‘தளவிளைவு’ என்று படிப்பீர்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது. தேனீயின் கண்ணுக்குத் தெரியும். வானத்து ஒளி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துத்தான், சூரியன் மேகத்துக்குள் போனாலும் அது வழி கண்டுபிடிக்கிறது.

ரேடியோ அலையும் ஒளியின் இனம்தான், அலைநீளம்தான் பெரிது. ஆகவே அதற்கும் ஆடும் திசை உண்டு. பழைய வீட்டு மொட்டைமாடிகளில் துருப்பிடித்து நிற்கும் தூர்தர்ஷன் ஆன்டெனாவைப் பாருங்கள். அதன் அலுமினியக் கம்பிகள் எல்லாம் படுக்கைவாட்டில் இருக்கும். ஒளிபரப்பு அலை படுக்கைவாட்டில் ஆடியதால்தான் அப்படி வைத்தார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் முடித்தார்கள். அதில் அலையை வாங்கும் சிறு ஆன்டெனாக்கள் 1056. அத்தனையும் வடக்கு தெற்காக வரிசை பிடித்திருப்பதால், அந்தத் திசையில் ஆடும் அலையை மட்டுமே அவை வாங்கும். வந்த அலை எந்தக் கோணத்தில் ஆடுகிறது என்று முழுதாக அளக்க வேண்டுமென்றால், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு ஆன்டெனா வேண்டும். அப்படிப்பட்ட தொலைநோக்கிகளும் உலகில் நிறைய உண்டு.

சரி, அந்தக் கோணத்தை அளந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். கருந்துளையின் அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

வடக்கு வானத்தில் சிக்னஸ் என்றொரு விண்மீன் குழு உண்டு. நம்மவர்கள் அன்னம் என்பார்கள். அந்தத் திசையிலிருந்து பலமான ரேடியோ அலை வருவது 1940களிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு சிக்னஸ்-ஏ என்று பெயர் வைத்தார்கள். அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. 1953இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தில் ரோஜர் ஜென்னிசனும், இந்தியாவிலிருந்து அங்கே போயிருந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ரேடியோ அலை ஒரே இடத்திலிருந்து வரவில்லை. தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு பகுதிகளிலிருந்து வந்தது. மறு ஆண்டு வானியலாளர்கள் பாடேயும் மின்கோவ்ஸ்கியும் அந்த இடத்தைப் பெரிய தொலைநோக்கியால் பார்த்து ஆராய்ந்து, நடுவே மங்கலான ஒரு விண்மீன் திரள் இருப்பதை அறிவித்தார்கள். ரேடியோ வருவதோ அந்தத் திரளிலிருந்து அல்ல, அதற்கு வெளியே இரு பக்கமும் உள்ள வெற்றிடம் போன்ற பகுதிகளிலிருந்து!

காரணம் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் திரளின் மையத்தில், நம் சூரியனைப் போல் சுமார் 250 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள வாயுவை அது உள்ளே இழுக்கிறது. அதில் ஒரு பகுதி உள்ளே விழாமல், எதிரெதிரான இரு திசைகளில் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீச்சியடிக்கிறது. இந்தப் பீச்சுக்கு ஜெட் என்று பெயர். ஜெட் வெகுதூரம் ஓடி, வெளியே உள்ள வாயுவில் மோதிப் பரவி நிற்கும் இடம்தான் அந்த இரண்டு ரேடியோ மடல்கள். இந்த மடலின் விளிம்பிலிருந்து அந்த மடலின் விளிம்புக்குத் தூரம் நான்கு லட்சம் ஒளியாண்டுக்கும் மேல். நம் பால்வீதியின் குறுக்களவே சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டுதான் என்பதை நினைவில் வையுங்கள். இப்படி மையத்தில் ஒரு கருந்துளை மும்முரமாக வேலை செய்யும் இடத்தைச் செயல்படும் விண்மீன்திரள் கரு என்கிறார்கள்.

நம்மிடமிருந்து சிக்னஸ்-ஏ சுமார் 75 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நாம் பிடிக்கும் அலை புறப்பட்டபோது பூமியில் மீன்கூடக் கிடையாது. அவ்வளவு தூரம் யார் போய்ப் பார்ப்பது? வருகிற அலையைத்தான் கேட்க வேண்டும்.

அந்த அலை பிறக்கும்போதே ஒரு திசையில் ஆடுவது. ஜெட்டுக்குள்ளும் மடலுக்குள்ளும் எலக்ட்ரான்கள் அசுர வேகத்தில் ஓடுகின்றன. அங்கே காந்தப்புலமும் இருக்கிறது. காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுற்றி வளைந்து ஓடும் எலக்ட்ரான் ரேடியோ அலையை உமிழும். அந்த அலை, காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஆடும். ஆகவே ஆடும் திசையை அளந்தால் அங்கே காந்தப்புலம் எந்தப் பக்கம் போகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடலாம். புலம் ஒரே சீராக இருந்தால் வரும் அலையில் எழுபது விழுக்காடு வரை ஒரே திசையில் ஆடும். குழம்பிக் கிடந்தால் கலந்துபோய்க் குறையும். 1962இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 3.15 செ.மீ. அலையில் சிக்னஸ்-ஏவைப் பார்த்து, இப்படி ஆடும் பங்கு அதில் இருப்பதை அளந்து காட்டினார்கள்.

இது பாதிக் கதை. மீதிக்கு லண்டனுக்குப் போக வேண்டும், அதுவும் 1845ஆம் ஆண்டுக்கு.

மைக்கேல் ஃபாரடேயை உங்களுக்குத் தெரியும். கொல்லர் வீட்டுப் பிள்ளை. பெரிய பள்ளிப்படிப்பு இல்லை. புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனவர். காந்தத்துக்கும் ஒளிக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஓர் எண்ணம். ஒரே திசையில் ஆடும் ஒளியை வெவ்வேறு பொருள்கள் வழியாக அனுப்பி, பக்கத்தில் பலமான மின்காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. வேறு பொருள், வேறு மாதிரிக் காந்தம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலைக்காக அவரே உருக்கிச் செய்திருந்த ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. செப்டம்பர் 13 அன்று அதை வைத்துப் பார்த்தபோது ஒளியின் ஆடும் திசை திரும்பியது! காந்தத்தை நிறுத்தினால் திசை பழையபடி ஆனது. காந்தத்தால் ஒளியை ஏதாவது செய்ய முடியும் என்பதற்கு உலகில் கிடைத்த முதல் சாட்சி அதுதான். இதை ஃபாரடே சுழற்சி என்கிறோம்.

கண்ணாடியில் நடந்தது விண்வெளியிலும் நடக்கும். அங்கே கண்ணாடி இல்லை, ஆனால் தனியே அலையும் எலக்ட்ரான்கள் நிறைந்த சூடான வாயு இருக்கிறது. பிளாஸ்மா என்று படித்திருப்பீர்கள். அதற்குள் காந்தப்புலமும் இருந்துவிட்டால், கடந்து போகிற ரேடியோ அலையின் ஆடும் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வரும். எலக்ட்ரான் அதிகமானால் திருப்பம் அதிகம். புலம் பலமானால் அதிகம். வழி நீளமானாலும் அதிகம். புலம் நம்மை நோக்கி இருந்தால் ஒரு பக்கம் திரும்பும், நம்மை விட்டு விலகிப் போனால் மறுபக்கம் திரும்பும்.

ஆனால் ஒரு சிக்கல். அலை நம்மிடம் வந்து சேரும்போது இருக்கும் கோணம்தான் நமக்குத் தெரியும். புறப்பட்டபோது எந்தக் கோணத்தில் ஆடியது என்று யார் சொல்வது? அது தெரியாமல் எவ்வளவு திரும்பியது என்று எப்படிக் கணக்கிடுவது?

இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஃபாரடே சுழற்சி எல்லா அலையையும் ஒரே அளவில் திருப்புவதில்லை. அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திருப்புகிறது. அலைநீளம் இரு மடங்கானால் திருப்பம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆகவே ஒரே இடத்தைப் பல அலைநீளங்களில் பார்த்து, ஒவ்வொன்றிலும் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும். வரைபடத்தாளில் ஒரு பக்கம் அலைநீளத்தின் வர்க்கம், மறு பக்கம் கோணம். புள்ளிகளை இணைத்தால் நேர்கோடு வரும். கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு சுழற்சி. அதே கோட்டைப் பின்னால் நீட்டி, அலைநீளம் பூஜ்யம் என்ற இடம் வரை கொண்டுபோனால், அலை புறப்பட்ட கோணமும் கிடைத்துவிடும். ஒரு கோட்டில் இரண்டு விடை!

அந்தச் சரிவின் அளவைச் சுழற்சி அளவு என்கிறார்கள். மீட்டரில் அலைநீளத்தை எடுத்து, அதன் வர்க்கத்தைச் சுழற்சி அளவால் பெருக்கினால் திரும்பிய கோணம் ரேடியனில் கிடைக்கும். ஒரு ரேடியன் என்பது சுமார் 57 பாகை. சுழற்சி அளவு 1000 என்று வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. அலை 0.9 ரேடியன், அதாவது ஏறக்குறைய 52 பாகை திரும்பும். 6 செ.மீ. அலை 206 பாகை, அரைச்சுற்றுக்கும் மேல். 21 செ.மீ. அலையோ ஏழு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு வரும். இங்கே ஏமாறவும் வாய்ப்பு உண்டு. அரைச்சுற்றுத் திரும்பிய கோடும் திரும்பாத கோடும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் இரண்டு அலைநீளத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடை சொன்னால் தப்பாகப் போகலாம். பல அலைநீளங்கள் வேண்டும்.

வேற்று விண்மீன் திரள் ஒன்றின் அலை இப்படித் திரும்புவதை முதலில் பிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவில் கூப்பரும் பிரைஸும். 1961இல் திறந்த பார்க்ஸ் தொலைநோக்கியின் 64 மீட்டர் தட்டால் சென்டாரஸ்-ஏ என்ற திரளை மறு ஆண்டே வெவ்வேறு அலைநீளங்களில் பார்த்தார்கள். வர்க்கக் கணக்குப்படியே கோணம் மாறியது.

இனி மறுபடியும் சிக்னஸ்-ஏவுக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து மேட்டுச் சமவெளியில் 25 மீட்டர் அகலத் தட்டுகள் 27 நிற்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக வேலை செய்யும். வி.எல்.ஏ. என்பது அதன் பெயர். அதைக் கொண்டு டிரெஹர், கரில்லி, பெர்லி மூவரும் சிக்னஸ்-ஏவின் மடல்களைப் புள்ளி புள்ளியாக ஆராய்ந்து 1987இல் முடிவை வெளியிட்டார்கள். சுழற்சி அளவு ஓரிடத்தில் +3000, இன்னோரிடத்தில் −4000! மடலின் மேல் கொஞ்சம் நகர்ந்தாலே எண் தாறுமாறாக மாறியது.

இவ்வளவு பெரிய சுழற்சி எங்கே நடந்திருக்கும்? மூன்று சந்தேகம் வரலாம். முதலாவது, நம் பால்வீதியின் வாயு. சிக்னஸ்-ஏவின் அலை பால்வீதிப் பட்டையின் ஓரமாகத்தான் வருகிறது, அதனால் அதற்கும் ஒரு பங்கு இருக்கும். ஆனால் பால்வீதி காரணம் என்றால் வானத்தின் ஒரு சிறு துணுக்குக்குள் எண் இப்படி ஏறி இறங்காது. இரண்டாவது, மடல்களின் உள்ளே இருக்கும் வாயு. அங்கேதான் சுழற்சி நடக்கிறது என்றால், மடலின் முன்பக்கத்து அலை கொஞ்சமும் பின்பக்கத்து அலை நிறையவும் திரும்பி, இரண்டும் கலந்து மங்கியிருக்கும். வரைபடத்தாளில் நேர்கோடும் வந்திருக்காது. வந்ததோ அழகான நேர்கோடு. ஆக மிஞ்சுவது மூன்றாவது. மடல்களுக்கு வெளியே, ஆனால் அவற்றை ஒட்டியே சூழ்ந்திருக்கும் வாயு. சிக்னஸ்-ஏ தனித்து இல்லை. அது விண்மீன் திரள்களின் ஒரு கூட்டத்துக்குள் இருக்கிறது. அந்தக் கூட்டம் முழுவதும் பல கோடி பாகை வெப்பமுள்ள மெல்லிய வாயு நிறைந்திருப்பதை எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் காட்டுகின்றன.

அந்த எக்ஸ் கதிர் அளவிலிருந்து எலக்ட்ரான் எத்தனை என்று தெரியும். சுழற்சி அளவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. வகுத்தால் காந்தப்புலம். காந்தப்புலத்தை அளக்கும் ஓர் அலகு காஸ். வந்த விடை, ஒரு காஸில் பத்து லட்சத்தில் சில பங்கு. நம் காலடியில் பூமியின் காந்தப்புலம் அரை காஸுக்கு அருகில். அதைவிட லட்சம் மடங்கு பலவீனம்! இவ்வளவு சோனிப் புலம் எப்படி அலையைப் பல சுற்றுச் சுற்றியது? வழி நீளம். லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரம் சிறிது சிறிதாகத் திருப்பினால் சேர்ந்துவிடாதா?

மறு ஆண்டு, 1988இல், இதே கோணத்தை வைத்து இன்னொரு பழைய வழக்கு தீர்ந்தது. ஜெட் இரண்டு திசையிலும் பாய்கிறது என்று சொன்னேன் அல்லவா? ஆனால் பலமான ரேடியோத் திரள்களைப் படமெடுத்தால், பெரும்பாலும் ஒரு பக்கத்து ஜெட்தான் பளிச்சென்று தெரியும். மறுபக்கம் மடல் இருக்கும், ஜெட் தெரியாது. ஏன்? இரண்டு கட்சி. ஒரு கட்சி, கருந்துளை ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பீச்சுகிறது என்றது. இன்னொரு கட்சி, இரண்டு பக்கமும் பீச்சுகிறது, நம்மை நோக்கி வருவது மட்டும் பிரகாசமாகத் தெரிகிறது என்றது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் பொருள் தன் ஒளியை முன்பக்கமே அதிகமாக வீசும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கையிலிருந்து வருகிறது. இரண்டாவது கட்சி சொல்வது சரியென்றால் ஜெட் தெரியும் பக்கம் நமக்கு அருகில் இருக்க வேண்டும். எது அருகில், எது தூரத்தில் என்று தட்டையான ஒரு படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

வானியலாளர்கள் ராபர்ட் லைங்கும், சைமன் காரிங்டனும் அவருடைய தோழர்களும் ஆடும் திசையைப் பார்த்தார்கள். திரளைச் சுற்றி நாலாபுறமும் சூடான வாயு இருக்கிறது. அதற்குள் காந்தப்புலம் சீராக இல்லை, இடத்துக்கு இடம் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. அருகில் உள்ள மடலின் அலை அந்த வாயுவில் கொஞ்ச தூரமே வருகிறது. அப்பால் உள்ள மடலின் அலையோ அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கடந்து வர வேண்டும். வழியில் பக்கத்துப் பக்கத்து அலைகள் வெவ்வேறு அளவு திரும்பி, நம் தொலைநோக்கிக்கு வரும்போது கலந்துபோகும். அதாவது அப்பால் உள்ள மடலில் ஒரே திசை ஆட்டம் அதிகமாக மங்கியிருக்கும். அலைநீளம் பெரிதாகப் பெரிதாக மங்கலும் கூடும். பார்த்தார்கள். ஜெட் தெரியாத பக்கத்து மடல்தான் மங்கியிருந்தது. ஒன்றிரண்டில் அல்ல, ஆராய்ந்தவற்றில் பெரும்பாலானவற்றில். ஜெட் தெரியும் பக்கம் நமக்கு அருகில் என்பது உறுதியாயிற்று. இதற்கு லைங்-காரிங்டன் விளைவு என்று பெயர். என்னைக் கேட்டால், வானியலில் இவ்வளவு எளிய கருவியால் இவ்வளவு பெரிய கேள்வி தீர்ந்த இடங்கள் குறைவு.

இதுவரை சொன்னதெல்லாம் கருந்துளைக்கு வெளியே லட்சம் ஒளியாண்டுக் கணக்கில். கருந்துளையின் வாசலிலேயே பார்க்க முடியாதா? முடிந்தது. 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்-87 என்ற திரளின் கருந்துளையைச் சுற்றிய ஒளிவளையத்தின் படத்தை 2019இல் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்கள் அக்கா, அண்ணன் பார்த்திருப்பார்கள். பல நாடுகளின் தொலைநோக்கிகள் ஒன்றுசேர்ந்து, 1.3 மில்லிமீட்டர் அலையில் எடுத்த படம் அது. அதே தரவில் ஆடும் திசையையும் கணக்கிட்டு 2021இல் இரண்டாவது படம் வந்தது. வளையத்தின் மேல் சுருள் சுருளாகக் கோடுகள். அங்கே காந்தப்புலம் 1 முதல் 30 காஸ் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விழப்போகும் வாயுவில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்த அந்த வலு போதும். ஜெட் கிளம்புவதற்கும் இந்தப் புலமே காரணம் என்று கருதுகிறார்கள். 2017, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் பார்த்ததை ஒப்பிட்டபோது வளையத்தின் அளவு மாறவில்லை, சுருளின் திசை மாறியிருந்தது. கருந்துளை வாசலில் நிலைமை வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலை நிலத்தில் இப்போது ஒரு புதிய தொலைநோக்கி எழும்பிக்கொண்டிருக்கிறது. எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டுத் திட்டத்தின் ஒரு பாதி. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. ஆளுயரத்துக்குச் சற்று அதிகமான ஆன்டெனாக்கள் 1,31,072 அங்கே வரப்போகின்றன. ஒவ்வொன்றிலும் குறுக்குக் குறுக்காக இரண்டு வரிசைக் கம்பிகள். ஆடும் திசையை அளக்கத்தான் அந்த இரண்டாவது வரிசை.

உங்களுக்கு ஒரு கணக்கு. சிக்னஸ்-ஏவின் மடலில் சுழற்சி அளவு +3000 உள்ள ஓர் இடத்திலிருந்து 2 செ.மீ. அலை வருகிறது. அது எத்தனை பாகை திரும்பியிருக்கும்? அதே இடத்திலிருந்து 4 செ.மீ. அலை வந்தால்? வேண்டிய எண்கள் எல்லாம் மேலே இருக்கின்றன. செ.மீட்டரை மீட்டராக மாற்ற மறந்துவிடாதீர்கள், பலர் வழுக்குவது அங்கேதான். விடையை வழிமுறையோடு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.